சங்கத்துக்கு மேலே இன்னொரு சங்கம் எதற்கு?

கேள்வி: வணக்கம் சார். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 280 பேர். கான்ட்ராக்ட், டிரெய்னி என்று இன்னும் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்களே சேர்ந்து சங்கம் பதிவு செய்தோம். 230 பேர் உறுப்பினர்கள். நான்தான் செயலாளர். சம்பள ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. அதற்குள் சங்கத்துக்குள்ளேயே மூன்று அணி ஆகிவிட்டது. ஏதாவது ஒரு மத்திய சங்கத்தோடு இணைந்தால்தான் நிர்வாகம் மதிக்கும் என்கிறார்கள் சிலர். சேர்வதென்றால் ஆளுங்கட்சிச் சங்கத்தில் சேர்வோம், காரியம் சீக்கிரம் நடக்கும் என்கிறார்கள் வேறு சிலர். வெளியாள் வந்தால் நம்மை வைத்து அரசியல் செய்வான், நிர்வாகமும் முறைத்துக்கொள்ளும், யாருமே வேண்டாம் என்கிறார்கள் மீதிப் பேர். டெல்லியில் இருக்கும் ஓர் அமைப்பு எங்கள் மாதிரி சின்னச் சங்கத்துக்கு என்ன செய்யும்? சந்தாவில் பங்கு கொடுப்பதால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பதில்: செயலாளருக்கு வணக்கம். மூன்று அணியும் மூன்று விதமாகப் பேசினாலும், மூவரும் மத்திய சங்கத்தை ஒரு பெரிய அண்ணனாகத்தான் பார்க்கிறார்கள். வந்து நமக்காகச் சண்டை போடுவார், இல்லையென்றால் மேலே சொல்லிக் காரியம் முடித்துத் தருவார், அதுவும் இல்லையென்றால் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வார். மத்திய சங்கத்தின் வேலை இது எதுவுமே இல்லை. அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டால், சேர்வதா வேண்டாமா என்ற கேள்வி பாதி சுலபமாகிவிடும்.

முதலில் அடுக்கைப் பார்த்துவிடுவோம். உங்களுடையது ஆலைச் சங்கம். ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் கூடினால் சம்மேளனம். எல்லாத் தொழில்களையும் சேர்த்து நாடு முழுக்க இருப்பது மத்திய சங்கம். ஏஐடியுசி, ஐஎன்டியுசி, எச்எம்எஸ், பிஎம்எஸ், சிஐடியு, எல்பிஎஃப் என்கிற தொமுச எல்லாம் இந்தக் கடைசி வகை. உங்கள் சம்பளத்தைப் பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது முதல் அடுக்கு. அதை மூன்றாவது அடுக்கு செய்யாது, செய்யவும் கூடாது. தொழிற்சங்கம் பலமாக இருக்கும் ஜெர்மனியிலேயே டிஜிபி என்கிற தேசிய அமைப்பு சம்பளம் பேசுவதில்லை. அதில் உறுப்பாக இருக்கும் ஐஜி மெட்டால் போன்ற தொழில்வாரிச் சங்கங்கள்தான் பேசுகின்றன.

அப்படியானால் மேலே இருப்பவர்களுக்கு என்ன வேலை? உங்கள் தீபாவளி போனஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி போனஸ் கணக்கிட்டபோது அதை 18,000 என்று எடுத்துக்கொள்ளவில்லை. 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அதுதான் கணக்கு. இந்த வரம்பை வைத்தவர் உங்கள் எச்.ஆர். மேலாளர் இல்லை, 2015இல் நாடாளுமன்றம். அதற்கு முன்பு இருந்த வரம்பு வெறும் 3,500. போனஸ் பெறும் தகுதிச் சம்பளமும் அதே திருத்தத்தில்தான் 10,000இலிருந்து 21,000 ஆனது. அந்த வரம்புகளை எடுக்க வேண்டும் என்று மத்திய சங்கங்கள் பல வருடம் கோரிக்கைப் பட்டியலில் வைத்துக் கேட்டன, வேலைநிறுத்தமும் செய்தன. எடுக்கவில்லை, உயர்த்தினார்கள். உங்கள் 230 பேரும் ஒரு நாள்கூடப் பிரியாமல் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அந்த 3,500 அசைந்திருக்காது. அதை மாற்றும் அதிகாரம் அந்த கேட்டுக்குள் இல்லை.

கேட்டுக்கு வெளியே முடிவாகும் விஷயங்கள் இப்படி நிறைய. பிஎஃப் பணத்தை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் தரப்புக்குப் பத்து இடம், முதலாளி தரப்புக்குப் பத்து இடம். இஎஸ்ஐ கழகத்திலும் அதே மாதிரி பத்துக்குப் பத்து. அந்த நாற்காலிகளில் மத்திய சங்கங்களின் ஆட்கள்தான் உட்காருகிறார்கள். பிஎஃப் வட்டி எவ்வளவு என்று பரிந்துரைக்கும் இடம் அந்த அறங்காவலர் குழு. 2014இல் வைத்த 1,000 ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியம் போதாது என்று யாராவது அங்கே எழுந்து பேச வேண்டும் என்றால், அவர் ஏதோ ஒரு மத்திய சங்கத்துக்காரராக இருப்பார். ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வருடாவருடம் கூட்டும் மாநாட்டுக்கு அரசு, முதலாளி, தொழிலாளி என்று மூன்று தரப்பும் போகின்றன. தொழிலாளர் தரப்பு ஆளை அரசு தன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது, நாட்டின் பிரதிநிதித்துவமுள்ள சங்கங்களின் சம்மதத்தோடுதான் அனுப்ப வேண்டும் என்று அந்த அமைப்பின் சாசனமே சொல்கிறது.

சொல்லப்போனால் இந்தியாவின் முதல் மத்திய சங்கம் பிறக்க அதுவே ஒரு காரணம். 1919இல் வாஷிங்டனில் நடந்த முதல் மாநாட்டுக்குத் தொழிலாளர்களைக் கேட்காமல் அரசே ஆளை நியமித்தது என்று ஒரு கசப்பு இருந்தது. அடுத்த வருடம் அக்டோபர் 31 அன்று பம்பாயில் ஏஐடியுசி தொடங்கியது. தலைவர் லாலா லஜபதி ராய்.

அதற்கும் முன்னால் நம் பெரம்பூரில் நடந்ததை உங்கள் செயற்குழுவில் கட்டாயம் சொல்லுங்கள். 1918 ஏப்ரலில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. சங்கம் வளர்ந்தது, தகராறும் வளர்ந்தது. 1920இல் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று சொல்லி சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கிவிட்டது. அன்றைய சட்டத்தில் சங்கம் நடத்துவதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எவ்வளவு கூட்டம் கூட்டி என்ன? வாசலில் ஜெயிக்க வேண்டியது கோர்ட்டில் தோற்றது. 1921 மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலன் 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டம். நீங்கள் இரண்டு வருடத்துக்கு முன்னால் பதிவு செய்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். ஒரு மில்லின் சண்டையில் சிக்கிய முடிச்சை டெல்லியில் போய் அவிழ்க்க வேண்டியிருந்தது.

சரி, இது எல்லாம் பெரிய கதை. அடுத்த வருட ஒப்பந்தத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள்.

தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி அறையை நினைத்துப் பாருங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் எச்.ஆர். தலைவர், ஒரு ஆலோசகர், பக்கத்தில் லேப்டாப்போடு ஒரு பையன். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுக்கிறது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கும் சங்கம் உண்டு. முதலாளிகள் சங்கம். அதில் சேர்வதற்கு அவர்கள் ஒருநாளும் மூன்று அணியாகப் பிரிவதில்லை. இந்தப் பக்கம் நீங்கள் நான்கு பேர், ஒரு நோட்டு. "இந்த ஏரியாவில் இதற்கு மேல் யாரும் கொடுக்கவில்லை" என்று அவர் சொன்னால், இல்லை என்று காட்ட உங்களிடம் காகிதம் வேண்டும். பக்கத்து ஆலைகளின் ஒப்பந்த நகல்கள், அதாவது பழைய தொழில் தகராறு சட்டப்படி சமரச அதிகாரி முன்னால் போட்ட 12(3) ஒப்பந்தங்களும் இரு தரப்பும் நேரடியாகப் போட்ட 18(1) ஒப்பந்தங்களும், ஒரு நல்ல மத்திய சங்கத்தின் மாவட்ட அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும். இணைப்பால் கிடைப்பதில் நான் மிகவும் மதிப்பது அந்தக் கட்டைத்தான்.

பஞ்சப்படி ஷரத்தை வைத்து ஓர் உதாரணம் சொல்கிறேன். நிறைய ஒப்பந்தங்களில் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்று எழுதியிருக்கும். 2020இல் அந்தக் குறியீட்டின் அடிப்படை வருடத்தை 2001இலிருந்து 2016க்கு மாற்றினார்கள். மாற்றும்போது இணைப்புக் காரணி 2.88 என்றார்கள். அதாவது புதிய கணக்கில் ஒரு புள்ளி, பழைய கணக்கில் 2.88 புள்ளிக்குச் சமம். உங்கள் ஷரத்து பழைய தொடருக்கு எழுதியது, ஒரு புள்ளிக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய தொடரில் 5 புள்ளி ஏறுகிறது. அதை அப்படியே 3 ஆல் பெருக்கினால் 15 ரூபாய். முறைப்படி 2.88 ஆல் பெருக்கிவிட்டுச் செய்தால் 14.4 புள்ளி, 43 ரூபாய் 20 காசு. ஓர் ஆளுக்கு மாதம் 28 ரூபாய் சொச்சம், அதுவும் ஒரு தடவை ஏற்றத்துக்கு. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும், 280 பேருக்கும், ஒப்பந்தம் முடியும்வரை. யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. ஷரத்தில் எந்தத் தொடர் என்று எழுதாமல் விட்டாலே போதும். அடிப்படை வருடம் மாறும்போது அதன் கணக்கைக் கேள்வி கேட்டு அமைச்சகத்துக்கு எழுதுவதும், பிறகு ஒவ்வொரு ஆலைக்கும் "உங்கள் ஷரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சுற்றறிக்கை விடுவதும் மேல் அமைப்பின் வேலை. உங்கள் தற்போதைய ஒப்பந்தத்தை எடுத்து இந்த ஒரு வரியை இன்றைக்கே பாருங்கள். இணைப்பு பற்றி என்ன முடிவு எடுத்தாலும் இது உதவும்.

இன்னொன்று, 1957. பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், மத்திய சங்கங்கள் மூவரும் உட்கார்ந்து குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (பெரியவர் ஒருவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, அதுபோக எரிபொருள் விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். வெறும் மாநாட்டுத் தீர்மானம்தானே என்று அன்று நினைத்திருப்பார்கள். 1991இல் ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, குழந்தைகள் கல்வி, மருத்துவம், முதுமைக்கால ஏற்பாடு போன்றவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேர்த்தது. அந்த வழக்கு புறப்பட்டது சென்னை ஆலையின் பஞ்சப்படித் தகராறிலிருந்து. டெல்லியில் பேசி வைத்த ஒரு வரி, முப்பது வருடம் கழித்து இங்கே ஓர் ஆலைச் சங்கத்துக்குக் கைகொடுத்தது. இன்றைக்கும் சம்பளக் கோரிக்கையை நியாயப்படுத்தும் குறிப்பு எழுத உட்கார்ந்தால், நான் முதலில் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

இதையெல்லாம் சொல்வதால் மத்திய சங்கங்கள் எல்லாம் பிரமாதமாக நடக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். அதே இந்தியத் தொழிலாளர் மாநாடு கடைசியாகக் கூடியது 2015இல். கூட்டச் சொல்லிக் கேட்கிறார்கள், கூட்ட வைக்க முடியவில்லை. பழைய தொழிலாளர் சட்டங்களைத் திரட்டி மத்திய அரசு கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து 2020 நவம்பர் 26, 2025 ஜூலை 9 என்று பொது வேலைநிறுத்தங்கள் நடந்தன. உறுப்பினர் எண்ணிக்கையில் பெரியதான பிஎம்எஸ் அவற்றில் சேரவில்லை. 2025 நவம்பர் 21 அன்று தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தேவிட்டன. ஆலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டாயம் முன்பு 100 பேர் இருந்தாலே வந்துவிடும், இப்போது 300 பேர் இருந்தால்தான். உங்கள் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை 280 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாற்றம் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே கொடியின் கீழ் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்க முடியுமா என்பது எனக்கும் உறுதியில்லை. பத்துப் பன்னிரண்டு கொடியாக இருந்ததால் அரசுக்கு வேலை சுலபமாயிற்று என்பதில் சந்தேகமே இல்லை.

அதே சமயம் 2023 ஏப்ரலை மறந்துவிட வேண்டாம். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லா மத்திய சங்கங்களும், அன்றைய ஆளுங்கட்சியான திமுகவின் தொமுச உட்பட, எதிர்த்தன. 24ஆம் தேதி அரசு சங்கங்களை அழைத்துப் பேசி மசோதாவை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள். உங்கள் ஷிப்ட் இன்னும் எட்டு மணி நேரமாக இருப்பதில் அந்தப் பத்து நாளுக்கும் பங்கு உண்டு.

இனி அரசியல் பயம். அது நியாயமான பயம்தான். நம் நாட்டு மத்திய சங்கங்கள் பெரும்பாலும் கட்சி, இயக்கச் சார்பை ஒட்டிப் பிரிந்தவை அல்லது தொடங்கியவை. 1947இல் ஐஎன்டியுசி, 1948இல் எச்எம்எஸ், 1955இல் பிஎம்எஸ், 1970இல் சிஐடியு என்று வரிசையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சட்டம் ஆரம்பத்திலிருந்தே ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. சங்கத்தின் பொது நிதியிலிருந்து அரசியலுக்குச் செலவு செய்யக் கூடாது. அதற்குத் தனி நிதி வேண்டும், அதற்குப் பணம் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவரைச் சங்கத்தில் ஒதுக்கவும் கூடாது. 1926 சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய தொகுப்பிலும் இருக்கிறது. வெளியாட்கள் நிர்வாகிகளாக வருவதற்கும் உச்சவரம்பு உண்டு: மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அது. அமைச்சராக இருப்பவர் நிர்வாகியாகவே இருக்க முடியாது. ஆக உங்கள் செயற்குழுவைப் பறித்துக்கொள்வது அவ்வளவு லேசு இல்லை, நீங்களே தூக்கிக் கொடுத்தால் தவிர. பல இடங்களில் நடப்பது அதுதான். தலைவர் வந்து பேசட்டும், அவர் சொல்கிறபடி செய்வோம் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அப்புறம் அவர் நம்மைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வருத்தப்படுவார்கள்.

ஆளுங்கட்சிச் சங்கம் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், எந்தக் கட்சி ஆண்டாலும் என் அபிப்பிராயம் இதுதான். லேபர் ஆபீஸில் ஒரு தேதி சீக்கிரம் கிடைக்கும், ஒரு போன் போட்டால் ஆள் எடுப்பார்கள், உண்மை. ஆனால் அரசே எதிர்த்தரப்பாக வரும் நாளில் அந்தப் போன் பாதிப் பேச்சில் நின்றுவிடும். 12 மணி நேர மசோதா விஷயத்தில் தொமுச எதிர்த்து நின்றது, அது பாராட்ட வேண்டியது. எல்லாச் சமயத்திலும் எல்லாரும் அப்படி நிற்பார்கள் என்று கணக்குப் போட முடியாது. உங்கள் ஒப்பந்தத்துக்கு ஆயுள் மூன்று நான்கு வருடம். நடுவில் ஒரு தேர்தல் வந்தால் என்ன செய்வீர்கள், மறுபடி கொடி மாற்றுவீர்களா?

நிர்வாகம் முறைத்துக்கொள்ளுமா? முறைத்துக்கொள்ளலாம். வெளித் தலைமை இல்லாத உள்சங்கம் என்றால் பல கம்பெனிகளுக்கு நிம்மதி. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தம் உங்கள் கண்ணெதிரே நடந்தது. சிஐடியு ஆதரவோடு அமைத்த சங்கத்தைப் பதிவு செய்வதே அங்கே பெரிய விவகாரமானது. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் 2025 ஜனவரி 27 அன்று பதிவு கிடைத்தது. அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்ததும், வழக்கு நடத்த முடிந்ததும், மற்ற ஆலைத் தொழிலாளர்கள் ஆதரவாக நின்றதும் பின்னால் ஒரு மத்திய சங்கம் இருந்ததால். அதேபோல் அந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லியே எதிர்ப்பு இவ்வளவு கடுமையானது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவதும் மாற்றல் போடுவதும் சட்டப்படி நேர்மையற்ற தொழில் நடைமுறை. ஆனால் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும், வக்கீல் வேண்டும், சில வருடப் பொறுமை வேண்டும். தனியாக இருக்கும் சங்கத்துக்கு முதலில் தீர்ந்துபோவது பொறுமைதான்.

நிர்வாகத்தைவிட உங்களுக்கு இப்போது ஆபத்து உங்கள் மூன்று அணியிலிருந்து. புதிய தொழில் உறவுத் தொகுப்பின்படி, ஒரு ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் ஆதரவு இருக்கும் சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம், அதாவது நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். 280 பேரை மட்டும் கணக்கிட்டால் 143 பேர் போதும். உங்களிடம் 230 பேர் இருக்கிறார்கள், வசதியான நிலை. கொடிச் சண்டையில் நூறு பேர் பிரிந்துபோய் வேறு சங்கம் வைத்தால் உங்களிடம் 130. இருவரில் யாருக்கும் 51 சதவீதம் இல்லை. 20 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் எல்லாச் சங்கமும் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்க வேண்டும், அதாவது நீங்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நிர்வாகத்தோடு பேச வேண்டும். நிர்வாகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எந்த மத்திய சங்கத்தில் சேர்கிறீர்கள் என்பதைவிட 230ஐ 230ஆக வைத்துக்கொள்வது முக்கியம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாத இணைப்பு எவ்வளவு பெரிய சங்கத்தோடு இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

வேலைநிறுத்த விதியும் மாறியிருக்கிறது. 14 நாள் முன்னறிவிப்பு முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான், இப்போது எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்கு. சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றால் கலந்துகொள்பவருக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், தூண்டுபவருக்கு இன்னும் அதிகம். "ஒரு நாள் லைனை நிறுத்திக் காட்டுவோம்" என்று வேகமாகப் பேசும் இளைஞர்கள் உங்கள் சங்கத்தில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களை உட்கார வைத்து இதை விளக்க அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

கான்ட்ராக்ட்காரர்கள் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. பீடி, கட்டுமானம், அங்கன்வாடி என்று ஒரு கேட்டும் இல்லாத, ஒரு முதலாளியைச் சுட்டிக்காட்டக்கூட முடியாத லட்சக்கணக்கானவர்களைத் திரட்டுவது மத்திய சங்கங்களின் வேலையில் பெரும் பங்கு. உங்கள் சந்தாவில் ஒரு பகுதி அங்கே போகும். எங்கள் பணம் எங்களுக்கே திரும்பி வரவேண்டும் என்று கணக்குப் பார்த்தால் அது நஷ்டக் கணக்காகத்தான் தெரியும். அதற்கு நான் கேட்பது: நீங்கள் 280 பேரும் வெளியே நின்றால் லைனை ஓட்டப்போவது யார்? உள்ளே இருக்கும் அந்த முந்நூறு பேர்தானே.

இனி என்ன செய்யலாம்? உங்கள் சங்க விதிமுறைகளை எடுத்து, வேறு அமைப்போடு இணைவதற்கு அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவந்து பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு மூன்று மத்திய சங்கங்களின் மாவட்ட நிர்வாகிகளைத் தனித்தனியாகச் செயற்குழுவுக்குக் கூப்பிடுங்கள். கொள்கை விளக்கம் கேட்க வேண்டாம், அது எல்லாரிடமும் அழகாக இருக்கும். எங்கள் பேச்சுவார்த்தைக்கு நேரில் வரப்போவது யார், அவர் ஏற்கெனவே எத்தனை ஆலைகளைப் பார்க்கிறார், இந்தப் பகுதியில் கடைசியாகப் போட்ட மூன்று ஒப்பந்தங்களைக் காட்ட முடியுமா, வேலைநிறுத்தம் என்றால் முடிவு எங்கள் பொதுக்குழுவுடையதா உங்களுடையதா, வழக்கு வந்தால் செலவு யாருடையது, வருடத்துக்கு எவ்வளவு இணைப்புக் கட்டணம், ரசீது உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னதும் பேச்சை மாற்றுகிறவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கொடியின் நிறத்தைவிட உங்கள் பகுதிக்கு வரப்போகிற அந்த ஓர் ஆளைப் பொறுத்துத்தான் பாதி இருக்கிறது.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் இணையாமலே இருங்கள். நன்றாக நடக்கிற உள்சங்கங்களும் உண்டு. அப்போது குறைந்தபட்சம் பகுதியில் உள்ள மற்ற ஆலைச் சங்கங்களோடு ஒரு கூட்டுக்குழு வைத்து ஒப்பந்த நகல்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

இணைவது என்று முடிவானால் பொதுக்குழுவில் ரகசிய வாக்கெடுப்பு வையுங்கள், கை தூக்கச் சொல்ல வேண்டாம். தீர்மானத்திலேயே மூன்று விஷயம் எழுதுங்கள்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும், வங்கிக் கணக்கும் பதிவேடுகளும் ஆலைச் சங்கத்திடமே இருக்கும், விலகுவதற்கும் இதே பொதுக்குழுவுக்கு உரிமை உண்டு. பதிவாளருக்கு ஆண்டறிக்கை இரண்டு வருடமும் போய்விட்டதா என்று பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதை அனுப்பாமல் விட்டால் பதிவுக்கே சிக்கல் வரும். வாக்கெடுப்பைக் கோரிக்கைப் பட்டியல் கொடுப்பதற்கு நான்கைந்து மாதம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். பட்டியலைக் கொடுத்த பிறகு இந்த விவாதத்தைத் திறந்தால், நிர்வாகம் முதல் சுற்றில் உங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசாது, உங்களில் யார் சங்கம் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கும்.